மிதிவண்டிப் பயணமும் ஆக்ரோச பரீஷஹமும்



தசலக்ஷண பர்வத்தின் முதல் நாள் உத்தம க்ஷமைக்கு உரியது. அன்று நம் ஆலயங்களில் நிகழும் சொற்பொழிவுகளில் பார்சுவநாத பகவானுக்குக் கமடன் இழைத்த உபசர்க்கம் தவறாமல் இடம்பெறும். பிறவிதோறும் தொடர்ந்த பகையையும், அதனைப் பகவான் பொறுத்தருளிய பெருமையையும் பிள்ளைகள் கேட்டு வியப்பர். வியந்தபின், கமடன் தம் ஊரில் இல்லை என்ற நிம்மதியோடு வீடு திரும்புவர். பொறை என்பது கல்மழைக்கு நடுவே தவத்தில் நிற்பவர்க்கு உரிய அறம், நமக்கு அதனைக் கேட்டு மகிழ்வதே போதும் என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் படிந்துவிடுகிறது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எமக்குக் கற்பித்தார்கள். ஆகவே இம்முறை பாடத்தைப் பிள்ளைகள் நாள்தோறும் நன்கறிந்த ஓரிடத்திலிருந்து தொடங்குகிறேன். அவ்விடம் அவர்கள் மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் தார்ச்சாலை.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, சேத்துப்பட்டு, திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நம் குடும்பங்கள் பல வாழ்கின்றன. ஊரில் தொடக்கப் பள்ளியோ நடுநிலைப் பள்ளியோ இருக்கும். மேல்நிலைக் கல்விக்கு நான்கைந்து கிலோமீட்டர் செல்ல வேண்டும். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பினர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுவதால், பேருந்து வராத வேளையிலும் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்ல முடிகிறது. பிள்ளைகள் மட்டுமல்லர், பால் கொண்டு செல்வோர், கடையில் வேலை செய்வோர், வயலுக்குச் செல்லும் முதியோர் எனப் பலர்க்கும் மிதிவண்டியே வாகனம்.

இச்சாலைகள் முன்போல் இல்லை. கல் குவாரிகளின் டிப்பர் லாரிகள், கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், செய்யாறு சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்துகள், வேன்கள் ஆகிய யாவும் ஒரே சாலையில் ஓடுகின்றன. அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல்லும் வேர்க்கடலையும் காயும். எஞ்சிய பாதியில் யாவரும் செல்ல வேண்டும். அங்கே மிதிவண்டிக்கு என்ன மதிப்பு இருக்கும்? பின்னால் நெருங்கி வந்து ஏர் ஹாரனை ஒலித்துத் துணுக்குறச் செய்வோர் உண்டு. முழங்கைக்கு ஒரு சாண் இடைவெளியில் உரசுவதுபோல் முந்திச் செல்வோர் உண்டு. எதிரே வரும் பேருந்து வேறொன்றை முந்துவதற்காக நம் பக்கத்திற்கே வந்து, விளக்கை மினுக்கி, 'இறங்கு' என்று ஆணையிடும். தேங்கிய மழைநீரை வேண்டுமென்றே இறைத்துச் செல்வோரையும் கண்டிருக்கிறேன். இவற்றின் முடிவில் சன்னல் வழியே ஒரு வசை. 'வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?' என்பது மிகப் பழையது. 'சாவுகிராக்கி' என்பது அதனினும் கடியது. பெண்பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவன இவ்விதழில் எழுதத் தக்கன அல்ல.

முதல் வசையைப் பற்றி ஒரு சொல். வீட்டில் சொல்லிக்கொண்டு வந்தாயா என்னும் வினா, சொன்னவன் நோக்கத்தை நீக்கிப் பார்த்தால், நிலையாமையை எண்ணச் சொல்லும் அநித்ய அனுப்ரேட்சையின் வினாவே ஆகும். ஆயினும் அவ்வாறு எண்ணிப் பார்க்கும் பொழுது அதுவன்று. அந்நொடியில் நெஞ்சு படபடக்கிறது, காது சூடேறுகிறது, கை நடுங்குகிறது, நாவில் ஒரு மறுமொழி வந்து நிற்கிறது. நம் பாடம் அந்நொடியைப் பற்றியது.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஆசாரியர் செறிப்பிற்கு, அதாவது வினை ஊற்றினை அடைப்பதற்கு, உரிய வழிகளைக் கூறுகிறார். குப்தி, சமிதி, தர்மம், அனுப்ரேட்சை, பரீஷஹ ஜயம், சாரித்திரம் என்பன அவை. பரீஷஹங்கள் இருபத்திரண்டு. பசி, நீர்வேட்கை, குளிர், வெப்பம், கொசுக்கடி என்று உடலைத் தாக்குவனவற்றில் தொடங்கும் அவ்வரிசையில் பன்னிரண்டாவதாக வருவது ஆக்ரோசம். பிறர் கூறும் கடுஞ்சொல்லையும் இழிசொல்லையும் கேட்டுப் பொறுத்தல் என்பது அதன் பொருள். அதனை அடுத்துப் பதின்மூன்றாவதாக வருவது வதம், அதாவது பிறர் அடித்துத் துன்புறுத்துவதைப் பொறுத்தல். அடிக்கு முன்னரே வசை வைக்கப்பட்டுள்ளமையைக் காண்க. சொல்லால் ஆன துன்பம் தனியே எண்ணத்தக்கது என்று நம் ஆசாரியர் கருதினர். 'வெறும் பேச்சுத்தானே, விட்டுவிடு' என்று பிள்ளைகளிடம் கூறும் பெற்றோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். வசை சுடும், சுடவில்லை என்று பொய்யாகச் சொல்லத் தேவையில்லை. சுடுவதால்தான் அது பரீஷஹம் எனப்பட்டது.

எதிர்த்து நிற்க வலியின்றி வாய்மூடி இருத்தல் பரீஷஹ ஜயம் ஆகாது. மறுமொழி கூறும் ஆற்றல் இருந்தும் கூறாமையே வெற்றி. ஓடும் பேருந்தைத் துரத்திப் பிடிக்க முடியாமையால் நாம் பேசாதிருந்தோமா, அல்லது நம் விருப்பத்தால் பேசாதிருந்தோமா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. அதே பேருந்து அடுத்த நிறுத்தத்தில் நின்றிருக்க, நாம் அதனை அடைகிறோம். அப்போது நாம் செய்வது எதுவோ, அதுவே நம் உண்மை நிலை. நிறுத்தத்தில் நின்ற பேருந்தின் பக்கவாட்டில் ஓங்கி அறைந்துவிட்டுச் சந்துக்குள் நுழைந்து மறையும் இளைஞர்களைப் பார்க்கிறோம். அவர்களிடம் வெகுளியும் அச்சமும் சேர்ந்தே இருந்தன; பொறை இல்லை. இருபத்திரண்டும் முனிவர்க்கே முழுமையாக உரியவை என்பதும் உண்மைதான். சாவகர் தம் ஆற்றலுக்கு ஏற்ப அவற்றைப் பயில்வர். ஆனால் முனிவரைச் சாலையில் வைதவர் கதைகள் நம் புராணங்களில் உண்டே அன்றி, நம்மைப்போல் நாளைக்கு இருமுறை வசை கேட்பவர் அவர்களுள் எத்தனை பேர் இருப்பர்? பயிற்சிக்கு வாய்ப்பு நமக்கே மிகுதி.

இனி அந்த வெகுளி எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைக் காண்போம். வெகுளியை நம் நூல்கள் நான்காகப் பிரித்துக் கோடுகளால் விளக்கும். அனந்தானுபந்தி வெகுளி கல்லில் கீறிய கோடு. அப்பிரத்தியாக்கியான வெகுளி மண்ணில் விழுந்த வெடிப்பு. பிரத்தியாக்கியான வெகுளி மணலில் இட்ட கோடு. சஞ்ஜ்வலன வெகுளி நீரில் இட்ட கோடு. இவற்றின் வாசனை தங்கும் காலத்தையும் கோம்மடசாரம் அளந்து கூறுகிறது. சஞ்ஜ்வலனம் ஓர் அந்தர்முகூர்த்தம், அதாவது நாற்பத்தெட்டு நிமிடத்திற்கும் குறைவான பொழுது. பிரத்தியாக்கியானம் ஒரு பட்சம், பதினைந்து நாள். அப்பிரத்தியாக்கியானம் ஆறு மாதம். அனந்தானுபந்தி பிறவிகளைக் கடந்தும் தொடரும், கமடனுடையது அத்தகையது.

நம் பள்ளிகளில் ஒரு பாடவேளை ஏறத்தாழ நாற்பத்தைந்து நிமிடம். முகூர்த்தத்திற்கும் பாடவேளைக்கும் உள்ள இந்தப் பொருத்தம் தற்செயலானதே. ஆயினும் ஆசிரியர்க்கு வசதியானது. காலையில் பேருந்து ஓட்டுநர் வைததை முதல் பாடவேளை முடியும்போதும் ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தால், அவ்வெகுளி நீர்க்கோட்டைக் கடந்துவிட்டது. மாலையில் வீட்டில் தம்பியை அடிக்கும் கையில் அதே வெகுளி வெளிப்படுகிறதா என்று தாய்மார் கவனிக்கலாம். அடுத்த வாரம் அதே எண்ணுள்ள பேருந்தைக் கண்டதும் பல்லைக் கடித்தால் அது மணற்கோடு. பாடசாலையில் படிக்கும் பிள்ளைகள் ஒரு சிறு குறிப்பேட்டில் நாள், இடம், நிகழ்ந்தது, மறந்த நேரம் ஆகியவற்றை எழுதி வருமாறு கூறியிருக்கிறேன். பிறர்க்குக் காட்ட வேண்டா என்பதே நிபந்தனை. மாலைப் பிரதிக்கிரமணத்தின்போது தாமே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்குறிப்பேட்டினை நேர்மையாக எழுதுவோர்க்கு ஒன்று புலனாகும். வெகுளி என்று நாம் நினைத்ததில் பாதி மானம் என்னும் கஷாயம். தனியே செல்லும்போது வசை கேட்டவன் விரைவில் மறக்கிறான். நண்பர் நால்வர் பார்க்க வசை கேட்டவன் மறப்பதில்லை. சொல் ஒன்றே, காயம் இரண்டு வகை. சிறியவர்களைவிட நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆடவர்க்கே இது கடினமாக இருக்கிறது என்பது என் கருத்து. 'என்னை யார் என்று நினைத்தான்?' என்பது அவர்கள் வாயில் முதலில் வரும் தொடர். ஓட்டுநர் ஒன்றும் நினைக்கவில்லை. ஒரு முதுகையும் ஒரு மிதிவண்டியையும் அவர் கண்டார், அவ்வளவே.

அவர் ஏன் அவ்வாறு நடந்துகொள்கிறார்? தனியார் பேருந்துக்கு நிமிடக் கணக்கு உண்டு. பின்னால் வரும் பேருந்து முந்திவிட்டால் நிறுத்தத்தில் நிற்போர் அதில் ஏறிவிடுவர், வசூல் குறையும், உரிமையாளரிடம் பேச்சுக் கேட்க வேண்டும். டிப்பர் ஓட்டுநர்க்கு நடையைப் பொறுத்து வருமானம். இவை அவர் செயலை நியாயமாக்கா. ஆயினும் அவரை அரக்கனாகக் கருதுவதிலிருந்து நம்மைக் காக்கும்.

இவ்விடத்தில் ஓர் ஐயத்தைத் தீர்க்க வேண்டும். 'அவரிடமும் அன்பு செலுத்துங்கள்' என்று மேடையில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நம் சூத்திரம் அவ்வளவு அவசரப்படவில்லை. ஏழாம் அத்தியாயத்தில் நான்கு பாவனைகள் கூறப்படுகின்றன. எல்லா உயிர்களிடத்தும் மைத்ரி, குணத்தால் உயர்ந்தோரிடத்துப் பிரமோதம், துன்புறுவோரிடத்துக் காருண்யம், நல்லுரை ஏலாதவரிடத்து மாத்யஸ்தம். மாத்யஸ்தம் என்பது விருப்பும் வெறுப்பும் இன்றி நடுவில் நிற்றல். கையில் ஸ்டியரிங்கும் வாயில் வசையுமாக விரைந்து செல்பவர் அப்பொழுதைக்கு நல்லுரை ஏலாதவர். அவரை நேசிக்கும்படி பதினாறு வயதுப் பிள்ளையிடம் கூறினால் அது பொய்யாக நடிக்கும், அல்லது தன்னால் இயலவில்லையே என்று குமையும். நடுநிலை கொள் என்று கூறினால் அது இயலும். அவர் நன்றாக வீடு போய்ச் சேரட்டும், நானும் போய்ச் சேர்கிறேன் என்னும் அளவு போதும். இதுவே மைத்ரியின் முதற்படியாகவும் அமையும். நாலடியார் சினமின்மையை ஏழாம் அதிகாரமாகவும் பொறையுடைமையை அதற்கடுத்த எட்டாம் அதிகாரமாகவும் வைத்திருக்கிறது. முதலில் சினம் தணிக. பொறை பின்னர் வரும் என்று அவ்வரிசையை நான் பாடம் சொல்வதுண்டு.

உள்ளத்தைப் பற்றி இவ்வளவு கூறிய நான், உடலைப் பற்றியும் கூறாவிடில் பாடம் முழுமையாகாது. பொறுமையாளர் எனினும் லாரியின் அடியில் அகப்படலாகாது. நமக்கு இங்கே வழிகாட்டுவது ஈர்யா சமிதி. முனிவர் பகலொளியில், பிறர் நடந்து தேய்ந்த வழியில், முன்னே நான்கு முழ நிலத்தைப் பார்த்து, உயிர்களுக்கு ஊறு நேராமல் நடப்பர். நான்கு முழம் என்பது நடப்பவர்க்கு உரிய அளவு. மிதிவண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் விரைவில் செல்கிறது எனக் கொண்டால், ஒரு நொடியில் நான்கு மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கடக்கும். நான்கு முழத்தை அரை நொடிக்குள் கடந்துவிடும். ஆகவே மிதிவண்டியில் செல்பவரின் பார்வை அதற்கேற்ப நீள வேண்டும். பின்னால் மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் வரும் பேருந்தோ ஒரு நொடியில் பதினாறு மீட்டருக்கு மேல் வந்துவிடுகிறது. ஓட்டுநர் கண்ணால் கண்டு காலைப் பிரேக்கில் வைக்கும் முன்னரே அத்தூரம் போய்விடும். அதன்பின் வண்டி நிற்கவும் தூரம் வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். நல்லெண்ணம் உள்ள ஓட்டுநராலும் நொடியில் நிறுத்த முடியாது என்பது அப்போது விளங்கும்.

தார்ச்சாலையின் விளிம்பிலேயே செல்வது பாதுகாப்பு என்று பலர் கருதுகின்றனர். விளிம்பில் மண் அரிக்கப்பட்டு ஒரு சாண் பள்ளம் இருக்கும். ஹாரன் ஒலி கேட்டுத் திடுக்கிட்டுச் சிறிது விலகினாலும் முன்சக்கரம் அப்பள்ளத்தில் இறங்கும். மீண்டும் ஏற முயலும்போது வண்டி சாய்ந்து, சாய்வது சாலையின் பக்கமாகவே நேரும். விளிம்பிலிருந்து இரண்டு முழம் உள்ளே, இடப்புறமாக, நேர்கோட்டில் செல்வதே நன்று. இவ்விரண்டு முழம் ஓட்டுநரோடு போட்டியிடுவதற்கு அன்று; அஞ்சி ஒதுங்கும் நொடியில் நமக்கு வேண்டிய இடம் அது. பெரிய வண்டி நெருங்கிக் கடக்கும்போது காற்று முதலில் வெளியே தள்ளி, பின் உள்ளே இழுப்பதுபோல் தோன்றும். அப்போது ஹேண்டில் பாரை இரு கையாலும் உறுதியாகப் பற்றி, மிதிப்பதைத் தளர்த்தினால் போதும். இருவர் தோளோடு தோள் சேர்ந்து பேசிக்கொண்டு செல்வதை அகலமில்லாச் சாலையில் விட்டுவிட வேண்டும். திருப்பத்தில் நிற்கும் லாரியின் இடப்பக்க முன்மூலையில் நாம் நின்றால் ஓட்டுநர் இருக்கையிலிருந்து நாம் தெரியமாட்டோம்; அவர் இடப்புறம் திரும்பினால் பின்சக்கரம் நம் மேல் வரும். நிறுத்தத்தில் நிற்கும் பேருந்துக்கும் சாலையோரத்திற்கும் இடையே புகுந்து செல்லலாகாது. இறங்குவோர் நம்மீது இறங்குவர். எதிரே முந்தி வரும் வண்டி நம் பக்கம் வருமாயின் முன்கூட்டியே இறங்கி நின்றுவிடுக. அவ்வாறு இறங்குவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. இழுக்கு என்று சொல்வது முன்னே கண்ட மானக் கஷாயம்.

காதில் பாட்டுக் கேட்கும் கருவி செருகிச் செல்வோர்க்கு வேறொன்றும் சொல்வதற்கில்லை, அதனை எடுத்துவிடுக. ஹேண்டில் பாரில் ஒரு சிறு கண்ணாடி பொருத்தினால் பின்னால் வருவது முன்பே தெரியும். ஹாரன் ஒலி நம்மைத் துணுக்குறச் செய்யாது. துணுக்குறாதவர்க்கு வெகுளியும் பாதியாகக் குறைந்துவிடுகிறது. இக்கண்ணாடியை நான் அறப்பொருளாகவே கருதுகிறேன். அந்தியில் பின்மட்கார்டில் சிவப்பு ஒளிபலிப்பானும் முன்னே விளக்கும் வேண்டும். அக்காலத்தில் விளக்கில்லாத மிதிவண்டியைக் காவலர் நிறுத்தி அபராதம் விதிப்பர். இன்று அவ்வழக்கம் அருகிவிட்டது. ஆயினும் காணப்படாதவனைக் காணவில்லை என்று ஓட்டுநரைக் குறைகூற முடியாது.

வசை கேட்ட உடனே திரும்பிக் கத்துவதனால் விளையும் கேட்டை அறத்தால் மட்டுமன்றி இயந்திரத்தாலும் விளக்கலாம். தலை திரும்பினால் தோள் திரும்பும். தோள் திரும்பினால் கை திரும்பும். வண்டி நடுச்சாலைக்கு வளையும். அங்கே இரண்டாவது வண்டி வந்துகொண்டிருக்கும். நெருங்கிய ஆபத்திலிருந்து தப்பியபின் உடனே மிதிக்காமல், ஓரமாக இறங்கி இரு காலும் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். நம் வழக்கில் காயோத்சர்க்கத்தின்போது ஒரு ணமோகாரத்திற்கு மூன்று மூச்சாக, ஒன்பது ணமோகாரத்தை இருபத்தேழு மூச்சில் சொல்கிறோம். அதற்கு இரண்டு நிமிடம் ஆகும். நடுக்கம் தணிய அவ்விரண்டு நிமிடம் போதுமானது. கோயிலில் நின்று சொல்வதைப் புளியமரத்தடியில் நின்று சொல்லக் கூடாதென்று எந்நூலும் தடுக்கவில்லை.

இத்தனை கூறியபின் ஒரு பெரியவர் கேட்ட கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறேன். 'பொறுத்தல் நம் அறம் என்றால், காவல் நிலையத்தில் முறையிடுவது அறத்திற்கு மாறாகாதா?' என்றார் அவர். மாறாகாது என்பதே என் விடை. இல்லறத்தார்க்கு இம்சையை நான்காகப் பகுத்துக் கூறுவர். எண்ணிச் செய்யும் சங்கல்பி, இல்லறத் தொழில்களில் நேரும் ஆரம்பி, பிழைப்பில் நேரும் உத்யோகி, தன்னையும் பிறரையும் காப்பதில் நேரும் விரோதி என்பன அவை. சாவகன் முற்றிலும் நீக்குவது முதலாவதை. மற்றவற்றில் இயன்றவரை குறைத்து வாழ்வான். அடாது செய்பவரைத் தடுக்க முறையான வழியில் முயல்வது சாவகன் விரதத்தைக் கெடுக்காது. பொறை என்பது என் உள்ளத்தில் கஷாயம் எழாமை. முறையீடு என்பது நாளை அதே இடத்தில் வரப்போகும் வேறொரு பிள்ளையைக் காப்பது. முன்னது எனக்காக, பின்னது பிறர்க்காக. வெகுளி தணிந்தபின் எழுதும் முறையீடே தெளிவாகவும் அமையும். அலுவலர் அதனைத்தான் மதிப்பர்.

முறையிடுவோர் அறிய வேண்டியவை சில. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு அபாயகரமாக வண்டி ஓட்டுதலைக் குற்றமாக்குகிறது. 2019இல் திருத்தப்பட்டபின், முதன்முறைக் குற்றத்திற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பல குரலில் அலறும் ஹாரன்களை 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119ஆம் விதி தடை செய்கிறது. வண்டி எண், இடம், நேரம், செல்லும் திசை ஆகிய நான்கும் இருந்தால் காவல் நிலையத்திலோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ மனுக் கொடுக்கலாம். அரசுப் பேருந்தாயின் அதன் பணிமனை மேலாளர்க்கு எழுதலாம். அவசரத்திற்கு 112, காயம் நேர்ந்தால் 108 என்னும் எண்களைப் பிள்ளைகள் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். மோதியபின் நிற்காமல் சென்று அடையாளம் தெரியாமற்போன வண்டியால் உயிரிழப்பு நேர்ந்தால் 2,00,000 ரூபாயும், கொடுங்காயம் நேர்ந்தால் 50,000 ரூபாயும் இழப்பீடு பெறும் திட்டம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதனை அறியாமல் விட்டுவிட்ட ஏழைக் குடும்பங்கள் பல.

மனுவில் நடக்காத ஒன்றைச் சேர்க்கும் ஆசை எழும். 'குடித்திருந்தார் என்று ஒரு வரி சேர்த்தால் நடவடிக்கை வேகமாக இருக்கும்' என்று அறிவுரை கூற ஒருவர் எங்கும் இருப்பார். சத்திய அணுவிரதத்தின் அதிசாரங்களுள் கூடலேகக் கிரியை, அதாவது பொய்யாவணம் எழுதுதல், ஒன்று. கண்டதை மட்டும் எழுதுக. உறவினர் பத்துப் பேரைத் திரட்டி நிறுத்தத்தில் ஓட்டுநரை மடக்குவதையும் நான் ஏற்பதில்லை. அங்கே அவர் தனியாள், நாம் கூட்டம். அப்போது லாரி யார், மிதிவண்டி யார்?

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது உண்மையில் வேறொரு செய்தி. நம் குடும்பம் ஒன்றில் பதினோராம் வகுப்புப் படிக்கும் பெண்ணை ஒரு வேன் சாலையோர முட்புதரில் தள்ளிச் சென்றது. கை சிராய்ப்போடு தப்பினாள். வேனில் இருந்தோர் கூறிய சொல்லே அவளை மிகவும் வருத்தியது. தந்தையார் மிதிவண்டியைப் பூட்டிவைத்துவிட்டார். பேருந்து வரும் நேரத்திற்குப் பள்ளி ஒத்துவராமையால் இரு வாரம் அவள் படிப்பு நின்றது. தந்தையின் அச்சத்தை நான் குறைவாக எண்ணவில்லை. ஆனால் குற்றம் புரிந்தவர் வேன் ஓட்டுநராக இருக்க, வீட்டில் அடைபட்டவள் அப்பெண். நான் பணியிற் சேர்ந்த காலத்தில் சேலை உடுத்தி மிதிவண்டியில் செல்லும் ஆசிரியையை ஊரே நின்று பார்க்கும். வாயில் வந்ததைச் சொல்லும். அன்று வீட்டார் வண்டியைப் பூட்டியிருந்தால் எத்தனை ஆசிரியைகள் பள்ளிக்குச் சென்றிருப்பர்? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நிகழ்ந்தபோது, எழுத்தோடு மிதிவண்டியும் கற்றவர் ஆயிரக்கணக்கான பெண்கள். கல் உடைப்போரும் வயல் வேலை செய்வோரும் அவர்களுள் இருந்தனர். கேலிக்கு அவர்கள் விடை கூறவில்லை, ஓட்டிக்கொண்டே சென்றனர். சில ஆண்டுகளில் அது வியப்பாகவே இல்லாமற்போயிற்று.

தந்தையாரிடம் நான் கூறியவை மூன்று. நான்கு பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகச் சேர்ந்து செல்லும்படி ஏற்பாடு செய்க; கண்ணாடியும் ஒளிபலிப்பானும் பொருத்துக; நடந்ததை எழுதி முறைப்படி மனுக் கொடுக்க. அப்பெண்ணிடம் கூறியது ஒன்றே. அச்சொல் அவளுடையது அன்று, சொன்னவருடையது. வாங்காத பொருளுக்கு விலை கொடுக்க வேண்டா. அவள் இப்போது மீண்டும் பள்ளிக்குச் செல்கிறாள். மனுவுக்கு இன்னும் விடை வரவில்லை.

பாஷா சமிதி பற்றி அடுத்த இதழில் எழுத எண்ணியிருப்பதால் இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். ஹாரனும் பேச்சே; மிதிவண்டியின் மணியும் பேச்சே. பேச்சு ஹிதமாகவும் மிதமாகவும் பிரியமாகவும் இருத்தல் வேண்டும் என்பர். தலையில் புல்லுக்கட்டோடு சாலையோரம் செல்லும் மூதாட்டியின் பின்னால் விடாமல் மணியடித்து, 'ஓரமாப் போ' என்று அதட்டும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் காலையில் டிப்பரிடம் பெற்றதை மாலையில் மூதாட்டியிடம் கொடுக்கிறார்கள். ஒருமுறை மெல்ல அடித்து, அவர் ஒதுங்கும்வரை காத்திருந்து, 'போகட்டுமா பாட்டி?' என்று கேட்டுச் சென்றால் நேரம் ஒன்றும் போய்விடாது.

இன்னும் சிறியவை உள. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை விட்ட காலையில் மரவட்டையும் மண்புழுவும் நத்தையும் தார்ச்சாலையைக் கடக்கும். அவற்றுக்கு நம் சக்கரமே லாரி. நம்மிடம் முறையிட அவற்றுக்கு அலுவலகமும் இல்லை. ஏரிக்கரையை ஒட்டிய வளைவுகளில் அவை திரளாக வரும். அவ்விடம் வந்ததும் இறங்கி, நான்கு முழம் பார்த்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு சென்று அப்பால் ஏறிக்கொள்ளலாம். பள்ளிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகப் புறப்பட வேண்டியிருக்கும்.